‘விக்கா’: சொற்சான்றும் சமய வரலாறும்

ஆய்வுலகில் மதிப்பிழந்த ஒரு நூல் ஒரு சமயத்திற்கு அடித்தளமாக அமைந்துவிடுவது அரிதாக நிகழ்வதாகும். மார்கரெட் மரே 1921இல் வெளியிட்ட ‘மேற்கு ஐரோப்பாவில் சூனிய வழிபாடு’ என்னும் பொருளமைந்த ஆங்கில நூல் அத்தகையது. 1863இல் கல்கத்தாவில் பிறந்து, இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எகிப்தியவியல் கற்பித்த மரே, சூனியக் குற்றத்திற்காகக் கொல்லப்பட்டோர் கிறித்துவத்திற்கு முற்பட்ட வளமை வழிபாடொன்றைத் தலைமுறை தலைமுறையாகப் பேணி வந்தவர்கள் என்றார். 1929ஆம் ஆண்டின் பிரித்தானியக் கலைக்களஞ்சியத்தில் சூனியம் பற்றிய கட்டுரையை எழுதியவரும் அவரே. 1954இல் ஜெரால்டு கார்ட்னர் அவ்வழிபாடு இன்றும் வாழ்கிறது என்று கூறி நூல் வெளியிட்டபோது அதற்கு முன்னுரை தந்தவரும் அவரே. ‘விக்கா’ என இன்று வழங்கும் சமயம் இவ்வாறு உலகறிய வெளிப்பட்டது.

மரேயின் கொள்கையை வரலாற்றறிஞர் பலர் மறுத்துள்ளனர். நார்மன் கோன் 1975இல் மரே காட்டிய மேற்கோள்களை மூலங்களோடு ஒப்பிட்டு, பறத்தல், உருமாறுதல் போன்ற நடவாச் செய்திகளை அவர் விடுத்து, எஞ்சியவற்றை நடந்த நிகழ்ச்சிகள் போலக் காட்டியதை வெளிப்படுத்தினார். அம்மறுப்புகளை இங்கு மீண்டும் விரிக்க வேண்டுவதில்லை. மரேயும் அவர் வழிவந்தோரும் சொற்களைக் கையாண்ட முறையே இக்கட்டுரையின் பொருளாகும்.

மரேயின் சான்றுகள் பெரும்பாலும் விசாரணை ஏடுகளிலிருந்தும் விசாரித்தோர் எழுதிய நூல்களிலிருந்தும் வருபவை. வினவுபவரே விடையையும் வகுத்துவிடும் பனுவல்கள் இவை. 1609இல் பாஸ்க்கு நாட்டில் விசாரணை நடத்திய பியர் டி லாங்கர், பாஸ்க்கு மொழியில் கூறப்பட்டதை மொழிபெயர்ப்பாளர் வாயிலாகவே அறிந்தார். எழுதப்பட்டதோ பிரெஞ்சில். குற்றஞ்சாட்டப்பட்ட பெண் வழங்கிய சொல் எது, எழுதியவரின் சொல் எது என்று பிரித்தறிய வழியில்லாத இடத்தில் கலைச்சொற்களைத் தேடுவது முறையாகாது. மரே அதனையே செய்தார். ‘எஸ்பா’ என்பது களியாட்டம் எனப் பொருள்படும் பொதுவான பிரெஞ்சுச் சொல். டி லாங்கரின் நூலில் சிறு கூட்டங்களைக் குறிக்க ஓரிடத்தில் வரும் இதனை மரே வழிபாட்டுக் கலைச்சொல்லாக உயர்த்தினார். விக்கா சமயத்தார் ‘எஸ்பாட்’ எனத் தம் கூட்டங்களுக்குப் பெயரிட்டு வழங்குவது இந்த நூலின் பயனேயன்றி மரபின் எச்சம் அன்று.

‘சபாத்து’ என்னும் சொல்லில் தவறு இன்னும் வெளிப்படையானது. எபிரேயரின் ஓய்வுநாட் பெயரிலிருந்து இச்சொல் வந்ததென்பது எளிதில் விளங்கும். யூதர்மேல் கொண்ட வெறுப்பினால், தாம் ஐயுற்றோரின் கூட்டத்திற்கு யூதர் பெயரையே இட்டனர் விசாரணையாளர். ‘சினகாக்’ என்னும் சொல்லையும் அவர்கள் அவ்வாறே வழங்கினர். மரே இத்தொடர்பை ஏலாது, களித்தல் எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையிலிருந்து ‘சபாத்து’ பிறந்திருக்கலாம் என்றார். இங்கு அவர் இழந்தது ஒரு சொற்பிறப்பு மட்டுமன்று. குற்றஞ்சாட்டியவரின் மனநிலைக்குச் சான்றாக நிற்கும் சொல்லைக் குற்றஞ்சாட்டப்பட்டவரின் மகிழ்ச்சிக்குச் சான்றாக மாற்றிவிட்டார்.

இனி ‘விக்கா’. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் ஆண்பாலில் ‘விச்சா’ எனவும் பெண்பாலில் ‘விச்செ’ எனவும் ஒலித்தது. அக்கால எழுத்துமுறையில் ஒரே எழுத்து ககர ஒலிக்கும் சகர ஒலிக்கும் வழங்கியது. இடைக்கால ஆங்கிலத்தில் ஈற்றுயிர்கள் மெலிந்து ஒன்றாகவே, பால் வேறுபாடு மறைந்து இரண்டும் ஒரே வடிவாயின. அதுவே இன்றைய ‘விட்ச்’. கன்னடத்துக் ‘கிவி’யையும் தமிழ்ச் ‘செவி’யையும் அறிந்த நமக்குக் ககரம் சகரமாகும் இம்மாற்றம் புதிதன்று. இச்சொல் வாய்மொழியாகவே வந்திருப்பின் ‘விட்ச்’ என்றுதான் வந்திருக்கும். ‘விக்கா’ என வர இயலாது. வடபுல வழக்கில் ‘சர்ச்’ என்பதற்குக் ‘கிர்க்’ என நிற்பது போல இதுவும் நின்றிருக்கலாமே எனின், ஸ்காட்லாந்து வழக்கிலும் இச்சொல் சகர ஒலியோடே வழங்குகிறது. ஆகவே ககர ஒலிப்பு செவிவழி வந்ததன்று. அச்சிட்ட எழுத்தைக் கண்டு ஒலித்ததால் வந்தது. கார்ட்னர் ஒற்றை மெய்யோடு ‘விக்க’ என எழுதி, அதனை ஒரு கூட்டத்தாரின் பெயராகவே கொண்டார். இரட்டை மெய்யும் சமயப் பெயர் என்னும் பொருளும் பின்னரே நிலைபெற்றன. ‘அறிவர்’ என அவர் தந்த பொருளும் பொருந்துவதன்று. அறிவு எனப் பொருள்படும் வேரிலிருந்து வந்தது ‘விசார்டு’ என்னும் வேறு சொல்.

ஒரு சமயத்தின் தகுதி அதன் பழமையைப் பொறுத்ததன்று என்பதையும் இங்குக் கூறுதல் வேண்டும். 1999இல் ரொனால்டு ஹட்டன் விக்காவை இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் தோன்றிய சமயமாக ஆராய்ந்தபோது அதனை இழித்துரைக்கவில்லை. நான் மறுப்பது வேறொன்றை. பழைய ஆங்கிலச் சான்றுகளில் இச்சொல் பெரும்பாலும் தடைவிதிக்கும் பனுவல்களில், ஆல்பிரடு அரசனின் ஒன்பதாம் நூற்றாண்டுச் சட்டம் போன்றவற்றில், காணப்படுகிறது. பிறர் சுமத்திய பெயர் அது. கொல்லப்பட்டோர் தாமே விரும்பி ஏற்ற பெயராக அதனை மாற்றினால், இல்லாத குற்றத்தை அவர்கள் செய்ததாக நாமும் ஒப்புக்கொண்டவராவோம். விசாரணையாளரும் மரேயும் ஒன்றுபடும் இடம் இதுவே.

தமிழில் இது குறித்து எழுதுவோர் ‘சூனியக்காரி’ என்னும் சொல்லை இருபொருட்கும் வழங்குகின்றனர். தமிழ் விவிலியத்தின் யாத்திராகமத்தில் எபிரேயச் சொல்லுக்கு நேராக நிற்பதும் அதுவே. விக்கா சமயத்தாரை அவர்கள் ஏற்ற பெயராலேயே குறிக்கலாம். பழைய வழக்குகளில் சிக்கியோரைச் ‘சூனியக்காரிகள்’ என்னாது ‘சூனியக் குற்றம் சுமத்தப்பட்டோர்’ என்றே எழுத வேண்டும். சொல் நீள்கிறதே என்பார்க்கு ஒன்று கூறலாம். பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் இயற்றப்பட்ட சட்டங்கள், ஒரு பெண்ணை ‘டாயன்’ எனச் சுட்டுவதையே தண்டனைக்குரிய குற்றமாக்கின. அடியும் கொலையும் நிகழ்வதற்கு முன்னரே, பெயரிடும் அளவிலேயே குற்றம் நிறைவுறுகிறது என்பது அச்சட்டங்களின் கருத்து.