மின்மினி வெளிச்சத்தில் ஒரு ஸ்காட்லாந்து மெட்டு

புத்தாண்டு நள்ளிரவில் உலகெங்கும் பாடப்படும் ‘ஆல்ட் லாங் சைன்’, ஸ்காட்லாந்துக் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பெயரோடு வழங்கும் பாட்டு. 1788-இல் அவர் எழுதி அனுப்பியது, இன்று நாம் கேட்கும் மெட்டோடு 1799-இல் அச்சேறியது. பழைய சிநேகிதர்கள் மதுக் கிண்ணத்தோடு உட்கார்ந்து, பழகிய நாட்களை நினைப்பதே அதன் பொருள்.

இதே மெட்டுக்கு ஜப்பானில் ‘ஹொதாரு நோ ஹிகாரி’ என்று பெயர். மின்மினி வெளிச்சம் என்று அர்த்தம். மெய்ஜி அரசு பள்ளிகளுக்காகத் தொகுத்த 1881-ஆம் ஆண்டுப் பாட்டுப் புத்தகத்தில் இது இடம்பெற்றது. சொற்கள் முழுக்கப் புதியவை. விளக்குக்கு எண்ணெய் வாங்க வழியில்லாமல், ஒருவர் மின்மினி ஒளியிலும் இன்னொருவர் பனியின் வெளிச்சத்திலும் படித்தார்கள் என்ற சீனக் கதையிலிருந்து பாட்டு தொடங்குகிறது. மதுக் கிண்ணம் போய்ப் படிப்பும் பிரிவும் வந்துவிட்டன. பள்ளி முடித்து விடைபெறும் விழாக்களில் பல தலைமுறைகள் இதைப் பாடியிருக்கின்றன.

அந்நிய மெட்டு இவ்வளவு சுலபமாக எப்படி ஒட்டிக்கொண்டது? நம்ம மோகனத்தைப் பாடிப் பாருங்கள். ச ரி க ப த. மத்திமமும் நிஷாதமும் கிடையாது. ஸ்காட்லாந்து மெட்டும் இந்த ஐந்து சுரங்களில்தான் நடக்கிறது. ஐந்து சுர இசை ஜப்பானியக் காதுக்கும் பழகியதே.

இதை வெறும் கலைப் பரிமாற்றம் என்று கொண்டாடுவது பாதி உண்மைதான். பாட்டின் பின் சரணங்களில் நாட்டுக் கடமையும், சிஷிமா, ஒகினாவா என்று எல்லைத் தீவுகளின் பெயர்களும் வருகின்றன. பிள்ளைகளைத் தேசத்துக்குப் பழக்க அரசு இந்த மெட்டைப் பயன்படுத்திக்கொண்டது. ஆனால் இன்று பெரும்பாலும் பாடப்படுவது முதல் இரண்டு சரணங்கள்தான். அரசு ஏற்றி வைத்த சுமையை இறக்கிவிட்டு, பிரியும்போது தொண்டை அடைக்கும் அந்த உணர்வை மட்டும் ஜனங்கள் வைத்துக்கொண்டார்கள். பர்ன்ஸின் பாட்டிலும் உயிராக இருப்பது அதுதானே?

எதிர்த்திசையில் போனவர்களையும் பார்க்கலாம். கிளாஸ்கோ ஓவியர்கள் ஜார்ஜ் ஹென்றியும் ஹார்னலும் 1893-94-இல் ஜப்பானில் தங்கி வரைந்தார்கள். ஹார்னலின் படங்களில் வண்ணம் கொள்ளை அழகு. ஆனால் கிமோனோ அணிந்த பெண்கள் அதில் பூக்களோடு பூக்களாகக் கரைந்துபோகிறார்கள். மனுஷியாக ஒருத்தி நிமிர்ந்து பார்ப்பது அபூர்வம். மெட்டை வாங்கிய ஜப்பானியர் அதில் தங்கள் வாழ்க்கையை வைத்தார்கள். ஹார்னலோ பார்த்த அழகோடு நின்றுவிட்டார் என்றே எனக்குப் படுகிறது.

வெளிமாநிலத்தில் வளரும் நம் பிள்ளைகள் இந்தி மெட்டில் தமிழ்ப் பாட்டுக் கட்டினால் சில பெரியவர்கள் முகம் சுளிக்கிறார்கள். முத்துசுவாமி தீட்சிதரே ஐரோப்பிய மெட்டுகளுக்கு நோட்டு சுர சாகித்யங்கள் செய்தவர் அல்லவா? மெட்டு எந்த ஊர் என்று விசாரிப்பதை விட்டு, அதில் பிள்ளைகள் தங்கள் சொந்த விஷயத்தைச் சொல்கிறார்களா என்று கேட்டுப் பார்ப்போமே.