யாரிடமிருந்து காப்பது?

மனுஸ்மிருதி பற்றிப் பேசும் நம் கூட்டங்களில் இரண்டு பட்டியல்கள் உண்டு. சூத்திரரையும் சண்டாளரையும் பற்றிய சுலோகங்கள் ஒன்று. அது சாதி ஒழிப்பு மேடைகளில் வாசிக்கப்படும். பெண்களைப் பற்றிய சுலோகங்கள் இன்னொன்று. அது மார்ச் 8இல் வெளியே வரும். இரண்டாவது பட்டியலில் முதலிடம் எப்போதும் ஒன்பதாம் அத்தியாயத்தின் மூன்றாம் சுலோகத்துக்குத்தான்: இளமையில் தந்தையும் பருவத்தில் கணவனும் முதுமையில் மகனும் காப்பார்கள், பெண் தன்னிச்சைக்கு உரியவள் அல்லள். இதைச் சொல்லிக் கோபப்பட்டுவிட்டு இறங்கிவிடுகிறோம். காப்பது யாரிடமிருந்து என்று கேட்பதில்லை.

பதில் ஆறு சுலோகம் தள்ளியே இருக்கிறது. பெண் எத்தகைய ஆணைச் சேர்கிறாளோ அத்தகைய மகனைப் பெறுவாள். ஆகவே சந்ததியின் தூய்மைக்காக அவளைக் கவனமாகக் காக்க வேண்டும் என்கிறது ஒன்பதாம் சுலோகம். காக்கப்படுவது அவளல்ல, வரப்போகும் பிள்ளையின் சாதி. அவள் வேலி போட்ட வயல். (வயல், விதை என்னும் உவமையும் அதே அத்தியாயத்தில் இருக்கிறது, நான் கற்பித்ததல்ல.)

பத்தாம் அத்தியாயத்துக்கு வந்தால் இரண்டு பட்டியலும் ஒன்றாகிவிடுகின்றன. எல்லாரினும் கீழாக, ஊருக்கு வெளியே, உடைந்த பாத்திரமும் பிணத்தின் துணியுமாக வாழ விதிக்கப்பட்ட சண்டாளன் எங்கிருந்து வந்தான்? சூத்திர ஆணுக்கும் பிராமணப் பெண்ணுக்கும் பிறந்தான் என்கிறது நூல். இதை வரலாறாக யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. உழைக்கும் ஒரு பெரும் மக்கள் கூட்டம் ஒரு வகைக் கலப்பிலிருந்து பிறந்திருக்க வழியில்லை. ஆனால் கற்பனை என்ற அளவில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். தீண்டாமைக்கான பழியைப் பெண்ணின் விருப்பத்தின் மேல் ஏற்றிவிடுகிறது.

சொற்களிலேயே இது தெரியும். லோமம் என்றால் மயிர். மயிர் படிந்த திசையில் போவது அனுலோமம்: மேல்சாதி ஆண், கீழ்சாதிப் பெண். மயிரை எதிர்த்துத் தடவுவது பிரதிலோமம்: கீழ்சாதி ஆண், மேல்சாதிப் பெண். முன்னதை நூல் முணுமுணுத்துக்கொண்டு பொறுத்துக்கொள்கிறது. பின்னதற்கு எட்டாம் அத்தியாயத்தில் தண்டனை வைக்கிறது. தன்னிலும் உயர்ந்தவனை நாடும் கன்னிக்கு அபராதம் இல்லை. தாழ்ந்தவனை நாடினால் அவளை வீட்டில் அடைத்து வைக்க வேண்டும். அவனுக்கு வதம்.

இந்தப் பகுதியை வகுப்பில் விளக்கியபோது ஒரு மாணவி சொன்னாள்: "எங்க வீட்ல யாரும் மனுவைப் படிச்சதில்ல மேடம். ஆனா என் போன் பாஸ்வேர்டு எங்க அண்ணனுக்குத் தெரியும்." சிரிப்பலை எழுந்தது. சிலர் மட்டும் சிரிக்கவில்லை.

யாரும் படிக்காத புத்தகத்தை ஏன் குற்றம் சொல்கிறீர்கள் என்பதுதான் எதிர்த்தரப்பு வழக்கமாக வைக்கும் கேள்வி. அம்பேத்கர் இதற்கு எப்போதோ இடம் கொடுத்துவிட்டார். 1916இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தில், 25 வயதில் வாசித்த கட்டுரையில், மனு சாதியை உண்டாக்கவில்லை, அது அவருக்கு முன்பே இருந்தது, அவர் அதைத் தொகுத்துச் சட்டமாக்கினார் என்கிறார். சாதியின் சாரம் அகமணம். அகமணத்தைக் காப்பாற்ற வேண்டுமானால் துணையற்ற பெண்ணை என்ன செய்வது என்ற சிக்கல் வருகிறது. சதி, கட்டாயக் கைம்மை, சிறுமி மணம் மூன்றும் அந்தச் சிக்கலுக்குச் சாதி கண்ட தீர்வுகள் என்பது அவர் வாதம். பெண்ணைப் பற்றிப் பேசாமல் சாதியின் தோற்றத்தை விளக்கவே முடியாது என்று காட்டிய கட்டுரை அது. நம் பாடத்திட்டங்கள் அதைச் சமூகவியல் துறைக்குத் தள்ளிவிட்டு நிம்மதியாக இருக்கின்றன.

அதே மனிதர் தலைமையில்தான் 1927 டிசம்பர் 25 அன்று மகாடில் மனுஸ்மிருதி எரிக்கப்பட்டது. சாதியை உண்டாக்காத நூலை ஏன் எரிக்க வேண்டும்? வழக்கம் தவறென்று தோன்றும் நாளில் மனிதர் அதை விட்டுவிடலாம். வழக்கத்துக்குத் தெய்வ வாக்கு என்ற பெயர் கிடைத்துவிட்டால் விடுவது பாவமாகிவிடும். அதோடு அது செத்த நூலும் அல்ல. வில்லியம் ஜோன்ஸ் 1794இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட பிறகு அது காலனிய நீதிமன்றங்களின் மேசைக்கும் வந்தது. பம்பாய் மாகாணத்தில் அனுலோமத் திருமணம் செல்லும், பிரதிலோமத் திருமணம் செல்லாது என்று தீர்ப்புகள் வந்தன. இந்துக்களுக்குள் சாதி மாறிய திருமணங்கள் எல்லாம் செல்லும் என்று நாடு முழுமைக்கும் சட்டம் சொன்னது 1949இல்தான்.

சட்டம் சொன்னது, சரி. 2016 மார்ச்சில் உடுமலைப்பேட்டையில் பட்டப்பகலில் சங்கர் வெட்டிக் கொல்லப்பட்டார். அவர் தலித். அவரை மணந்ததால் தானும் வெட்டுப்பட்டுப் பிழைத்த கௌசல்யா இடைநிலைச் சாதியில் பிறந்தவர். மனுவின் கணக்கில் அந்தச் சாதியும் சூத்திரர்தான். ஆகவே இதற்கும் சாத்திரத்துக்கும் தொடர்பில்லை என்று எழுதியவர்களைப் படித்திருக்கிறேன். சாதி பரவுவது பார்த்துப் பின்பற்றுவதால் என்று அம்பேத்கர் அதே கட்டுரையில் சொன்னதை அவர்கள் படித்திருக்க மாட்டார்கள். அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்த சாதிகள் நிலமும் செல்வாக்கும் வந்ததும் அதைக் கைவிட்டுவிட்டு, எங்கள் வீட்டில் அப்படியெல்லாம் இல்லை என்று பேசத் தொடங்கியதை நம் பாட்டிமார் பார்த்திருக்கிறார்கள். நூலைப் பின்பற்ற எழுத்தறிவு வேண்டாம். தனக்குக் கீழே ஒருவனும் தன் வீட்டில் ஒரு பெண்ணும் இருந்தால் போதும்.

இதை என் துறையிலேயே பார்க்கிறேன். நா. வானமாமலை பதிப்பித்த கதைப்பாடல்களில் இரண்டை அடுத்தடுத்து நடத்துவது என் வழக்கம். முத்துப்பட்டன் பிராமணன். பொம்மக்கா, திம்மக்கா என்ற சக்கிலியப் பெண்களை மணக்கப் பூணூலை அறுத்து, செருப்புத் தைக்கிறான். அண்ணன்மார் தடுக்கிறார்கள், ஆனாலும் அவன் சாவது மாடு திருட வந்தவர்களோடு நடந்த சண்டையில். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலில் இன்றும் அவனுக்குச் செருப்புக் காணிக்கை வருகிறது. காத்தவராயன் பிராமணர் வீட்டு ஆரியமாலையை விரும்பியவன். அவனுக்குக் கழுமரம். அனுலோமத்துக்குச் செருப்பு, பிரதிலோமத்துக்குக் கழு. சமஸ்கிருதம் அறியாத பாடகர்கள் பாடிய கதைகள் இவை.

கழுவில் ஏற்றிய பிறகும் கதைக்கு நிம்மதியில்லை. காத்தவராயன் உண்மையில் சிவன் மகன் என்று ஒரு பிறப்பைக் கொடுக்கிறது. சக்கிலியர் வளர்த்த மதுரை வீரனும் காசி அரசன் மகனாகிறான். பிறப்பைத் திருத்திவிட்டால் அந்தப் பெண் விரும்பியது கீழ்சாதிக்காரனை அல்ல என்றாகிவிடும். தெய்வமாக்குவதற்கு முன் வீரனின் சாதியை மாற்ற வேண்டியிருக்கிறது, அவள் விருப்பத்தை அப்படியே வழிபட முடியாது.

தேர்வில் மாணவிகள் 'காத்தவராயன் சிவபெருமானின் மகன்' என்று எழுதி மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். பாடநூலில் அப்படித்தான் இருக்கிறது. அவன் ஏன் சிவனின் மகனாக வேண்டியிருந்தது என்று இந்தப் பருவத்து வினாத்தாளில் கேட்டிருக்கிறேன்.