கர்ண மோட்சம்: கூத்தில் மாமியாரும் மருமகளும்

கர்ண மோட்சம் வட தமிழ்நாட்டில் பரவலாக ஆடப்படும் பாரதக் கூத்துகளுள் ஒன்று. புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கி வருகிறது. பாரதப் போரின் பதினேழாம் நாளில் கர்ணன் மடிவதே இதன் கதை. கொடைக்கும் செஞ்சோற்றுக் கடனுக்கும் எடுத்துக்காட்டாகவே இந்நாடகம் பெரிதும் பேசப்படுகிறது. ஆனால் விடியும்வரை அமர்ந்து பார்ப்பவருக்கு, இது இரு தலைமுறைப் பெண்களின் கதையாகவும் தெரியும். ஒருத்தி பெற்ற தாய் குந்தி. மற்றவள் மனைவி பொன்னுருவி.

பாரதம் கேட்ட ஊர்

காஞ்சிபுரம் வட்டாரத்துக்குப் பாரதம் பழைய உறவு. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த, முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு, அவ்வூர் மண்டபத்தில் பாரதம் வாசிப்பதற்கு ஒரு பங்கு ஒதுக்கியதைக் குறிப்பிடுகிறது. இன்றும் இவ்வட்டார ஊர்களில் திரௌபதி அம்மன் திருவிழா நடக்கும்போது, பகலில் பாரதச் சொற்பொழிவும் இரவில் கூத்தும் நடைபெறுகின்றன.

பொன்னுருவியின் காட்சி

போருக்குப் புறப்படுமுன் கர்ணன் மனைவியிடம் விடைபெற வருகிறான். நாடகத்தின் உயிர் இக்காட்சியில்தான் இருக்கிறது. பொன்னுருவி அரசகுமாரி. கணவனைத் தேரோட்டி வளர்த்த மகன் என்று எண்ணி மதிக்காமல் இருந்தவள். தான் குந்தியின் மகன் என்று கர்ணன் சொன்ன பிறகே அவள் மனம் இளகுகிறது. அவனைப் போக வேண்டாம் என்று தடுக்கிறாள். அன்பு வந்த நாளே பிரிவின் நாளாகவும் ஆகிவிடுகிறது.

மேடையில் வில்லி என்று யாரையும் காட்ட முடியாது. குந்தி பிள்ளையை ஆற்றில் விட்டது ஊர்ப்பழிக்கு அஞ்சி. பொன்னுருவி கணவனை ஒதுக்கியதும் குலப்பழிக்கு அஞ்சியே. மாமியார் மறைத்த உண்மை, அவள் முகமறியாத மருமகளின் இல்லறத்தைக் கெடுத்திருக்கிறது. அச்சமே இங்கே தாய்வீட்டுச் சீர்போல் ஒரு பெண்ணிடமிருந்து இன்னொருத்திக்குக் கைமாறுகிறது. குந்தி மகனைச் சந்தித்து இரு வரங்கள் கேட்கும் செய்தியையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். மகனிடம் வரம் கேட்கத் தெரிந்தவளுக்கு, ஊர் அறிய அவனை மகன் என்று அழைக்க முடியவில்லை. வில்லிபாரதத்தில் அவள் அவனை மடியில் ஏந்தி அழுவது அவன் வீழ்ந்த பின்புதான்.

நாடகத்தின் குறை

பொன்னுருவியின் வெறுப்பைப் பிறப்பு பற்றிய செய்தி தீர்த்து வைக்கிறது. கர்ணன் உண்மையிலேயே தேரோட்டி மகனாக இருந்திருந்தால் அவள் என்ன செய்திருப்பாள்? நாடகம் இதைக் கேட்பதில்லை. சாதி பார்த்துப் பெண் கொடுக்கும் ஊரில் இக்கூத்தைப் பார்ப்பவர் இதைக் கேட்காமல் எழுந்துபோக முடியாது. பிறப்பால் இழிவு இல்லை என்று கர்ணனின் வாழ்க்கை காட்டுகிறது. அவன் வீட்டுக்குள் மட்டும் பிறப்பே வெல்கிறது.

யார் ஆடுவது?

கூத்தில் பெண் வேடங்களை நெடுங்காலம் ஆண்களே கட்டினர். காஞ்சிபுரம் அருகே புஞ்சரசந்தாங்கலில் பெ. இராசகோபால் 2002இல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலத்தில் பெண் பிள்ளைகளும் பயின்றனர். ஆண் கட்டும் பொன்னுருவியில் நாம் வேடத்தின் திறமையை ரசிக்கிறோம். ஒரு பெண் அதே வசனத்தைச் சொல்லும்போது, முன்வரிசையில் பாய் விரித்து அமர்ந்திருக்கும் பாட்டிக்கும் பேத்திக்கும் அது வீட்டுப் பேச்சாகவே கேட்கும். குந்தி வாய் திறக்காமல் விட்டதை அடுத்த தலைமுறை மேடையேறிப் பேசுகிறது. இந்நாடகத்தை மீண்டும் ஆடுவதற்கு அது ஒன்றே போதிய காரணம்.