உப்பளத்துப் பக்கமிருந்து குமரப்பாவை வாசித்தல்

சிறையில் எழுதப்பட்டு 1945இல் வெளிவந்த ஜே.சி. குமரப்பாவின் 'எக்கானமி ஆஃப் பெர்மனன்ஸ்', ஒட்டுண்ணிப் பொருளாதாரம் தொடங்கி சேவைப் பொருளாதாரம் வரை ஐந்து படிகளைச் சொல்கிறது. மனிதர் வளர்வதும் பொருளாதாரம் முதிர்வதும் அவருக்கு ஒன்றுதான். பொருளுக்குப் பின்னாலுள்ள வன்முறைக்கு அதை வாங்குகிறவரும் பொறுப்பு.

உப்பளங்களுக்குப் பேர்போன கேளம்பாக்கத்தில் வைத்து இதை வாசிக்கிறேன். பழைய மகாபலிபுரம் சாலை அடுக்ககங்களில் சுயவளர்ச்சி என்றால் தியானம், இயற்கை அரிசி, மாடித்தோட்டம். சரி, இருக்கட்டும். ஆனா உப்பு வாருகிறவருக்குக் கூலி எவ்வளவு, ஒதுங்க நிழல் உண்டான்னு யார் கேக்குறா? கேட்காத சுயம் பசுமையாக நுகர்கிறது, அவ்வளவே, வளரவில்லை.

குமரப்பாவையும் விட்டுவிட முடியாது. கிராமத் தொழிலைப் போற்றும் அந்நூல், அத்தொழிலைச் சாதி யார் தலையில் கட்டியது என்பதை மையக் கேள்வியாக்கவில்லை. நம் பசுமை அரசியல் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.