பொத்தானுக்கு ஃபோகஸ் மறுப்பது சரியா?

திரையில் எத்தனை பெட்டிகளும் பொத்தான்களும் இருந்தாலும், தட்டப்படும் விசை ஒரு நேரத்தில் ஓர் உறுப்புக்குத்தான் போய்ச் சேரும். அந்த உரிமையே ஃபோகஸ். விண்டோஸில் ஒரு பொத்தானைச் சொடுக்கினால் ஃபோகஸ் அதற்கு மாறிவிடும். மேக்கில் பொதுவாக மாறாது. இந்த மாற்றம் தொல்லையாகும்போது, பொத்தான் ஃபோகஸே ஏற்காதபடி அடைத்துவிடுவது நிரலர்களிடையே பரவலான வழக்கம். ஜாவாவின் ஸ்விங் என்ற இடைமுகக் கருவித்தொகுப்பில் 'செட்ஃபோகஸபிள்' என்பதற்கு 'ஃபால்ஸ்' கொடுத்தால் வேலை முடிந்தது.

கருவிப்பட்டையில் இதற்கு நல்ல காரணம் உண்டு. ஒரு சொல்லைத் தேர்ந்து, தடித்த எழுத்துக்கான பொத்தானை அழுத்துபவர் உடனே தட்டச்சைத் தொடரவே விரும்புவார். ஃபோகஸ் பொத்தானிலேயே தங்கிவிட்டால், அடுத்து அவர் தட்டும் ஸ்பேஸ் பார் இடைவெளி விடாது. பொத்தானை மறுபடி அழுத்தி, செய்த மாற்றத்தையே அழித்துவிடும். திரையில் தோன்றும் விசைப்பலகைக்கோ இது கட்டாயம். அதன் பொத்தான்கள் ஃபோகஸைப் பறித்தால் எழுத்து எங்கே போய் விழும்?

ஆனால் சுட்டியைப் பயன்படுத்த முடியாதவருக்கு அந்தப் பொத்தான் இல்லாததற்குச் சமம். டேப் விசையால் அதை எட்ட முடியாது. அதே கட்டளை மெனுவிலும் இருக்கிறதே என்பது வழக்கமான சமாதானம். மெனுவையே நீக்கிவிட்ட இன்றைய செயலிகளில் அது எடுபடாது.

இன்னொரு குறை எளிதில் கண்ணில் படாது. ஃபோகஸ் விலகும்போதுதான் பல உரைப்பெட்டிகள் தம் மதிப்பை ஒப்படைக்கின்றன. மைக்ரோசாஃப்ட்டின் டபிள்யூபிஎஃப் கருவித்தொகுப்பில் உரைப்பெட்டியின் இயல்பு நிலை இதுவே. அங்கே கருவிப்பட்டை தனி ஃபோகஸ் எல்லையாகவும் இருப்பதால், அதிலுள்ள பொத்தானைச் சொடுக்கினாலும் உரைப்பெட்டி ஃபோகஸை இழந்ததாகக் கருதப்படாது. கடைசிப் பெட்டியில் தொகையைத் திருத்திவிட்டுப் பட்டையிலுள்ள 'சேமி'யைச் சொடுக்கினால், திரையில் புதிய தொகை தெரியும். சேமிக்கப்படுவது பழையதாக இருக்கும். பிழைச் செய்தியும் வராது. கணக்கு மென்பொருளில் இதைவிட மோசமான பிழை அரிது.

மூன்று வெவ்வேறு தேவைகளை ஒன்றாகக் குழப்புவதே சிக்கலின் வேர்: சொடுக்கும்போது ஃபோகஸ் மாறக் கூடாது, டேப் வரிசையில் பொத்தான் வரக் கூடாது, பொத்தானைச் சுற்றி ஃபோகஸைக் காட்டும் புள்ளிக்கோடு தெரியக் கூடாது. பெரும்பாலும் வேண்டியது முதலாவது மட்டும். அதற்கு ஸ்விங்கில் 'செட்ரிக்வெஸ்ட்ஃபோகஸ்எனேபிள்டு' தனியாக இருக்கிறது. கியூட் என்ற கருவித்தொகுப்பில் 'டேப்ஃபோகஸ்' கொள்கை சொடுக்கை விலக்கி, டேப்பை மட்டும் அனுமதிக்கிறது. கருவிகள் பிரித்துத் தந்ததை அவசரத்தில் ஒன்றாக்குவது நிரலர்தான். ஒப்படைப்புச் சிக்கல் மட்டும் இதனாலும் தீராது. சேமிக்கும் கட்டளையே நிலுவையிலுள்ள திருத்தத்தை முதலில் எழுதிவிட வேண்டும்.

அழகுக்காகப் புள்ளிக்கோட்டை மட்டும் மறைப்பது இன்னும் மோசம். ஃபோகஸ் இருக்கும், எங்கே என்று தெரியாது. ஃபோகஸ் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்று இணைய அணுகல் நெறிகளின் 2.4.7 ஆம் விதி கேட்கிறது. ஐரோப்பாவின் இஎன் 301 549 தரம் அதை மென்பொருளுக்கும் நீட்டுகிறது. விண்டோஸ் 2000 இதில் நடுவழி ஒன்றைக் கண்டது: விசைப்பலகையைத் தொடும்வரை கோடு மறைந்திருக்கும், தொட்டதும் தோன்றும்.

உரையாடல் பெட்டிகளில் ஃபோகஸை மறுக்க நியாயமே இல்லை. அங்கே பொத்தான்தான் முடிவெடுக்கும் இடம். கருவிப்பட்டைக்கு ஆஃபிஸ் 2007 இன் ரிப்பன் வேறு வழி காட்டியது: ஆல்ட் விசையைத் தட்டினால் தாவல்கள்மீதும், ஒரு தாவலைத் தேர்ந்ததும் அதன் பொத்தான்கள்மீதும் அவற்றுக்குரிய எழுத்துகள் தோன்றும், கட்டளை முடிந்ததும் ஃபோகஸ் ஆவணத்துக்கே திரும்பிவிடும். அத்தனை உழைப்பு சிறு குழுக்களுக்குக் கட்டுப்படியாகாது. சொடுக்கை மட்டும் விலக்கும் அந்த ஒற்றை வரிக்குச் செலவே இல்லை.