உக்கடத்துப் புத்தகமும் வெனிஸ் பூனையும்

பொள்ளாச்சியிலிருந்து கோவைக்கு சுமார் 40 கிலோமீட்டர். அங்கே பஸ் நிற்கும் உக்கடம், பழைய புத்தகக் கடைகளுக்குப் பேர்போன இடம்.

பாடநூலுக்கும் போட்டித் தேர்வு கைடுக்கும் நடுவில்தான் புதையல் இருக்கும்: பத்திரிகைத் தொடர்கதையைக் கத்தரித்து, வீட்டில் யாரோ சேர்த்துத் தைத்த பைண்டு வால்யூம். 1950 முதல் 1954 வரை 'கல்கி'யில் வந்த 'பொன்னியின் செல்வன்', ஓவியர் மணியத்தின் படங்களோடு அப்படித்தான் பல வீடுகளில் பிழைத்தது. ஓரத்தில் அந்தக் காலத்து விளம்பரம், முதல் பக்கத்தில் பழைய சொந்தக்காரரின் கையெழுத்து. புதுப் பதிப்பில் இந்தச் சுகம் ஏது?

அட்டை ஒட்டிய மாவுப் பசைதான் வினை. அதைத் தேடி எலியும் கரப்பானும் வரும். ராமபாணப் பூச்சி தாளை அரிக்கும். ராமபாணத்துக்கு வசம்பு, வேப்பிலை வைப்பார்கள். எலிக்குப் பூனைதான் காவல்.

உலகப் புகழ்பெற்ற கடைகளிலும் பூனைக்கு இடமுண்டு. வெனிஸ் நகரத்து அக்வா ஆல்டா கடையின் பெயருக்கே 'உயரும் நீர்' என்றுதான் பொருள். தண்ணீர் புகும் ஊர் என்பதால் புத்தகங்களைப் படகிலும் குளியல் தொட்டியிலும் அடுக்கியிருக்கிறார்கள்; அவற்றின் மேல் பூனைகள் சுருண்டு கிடக்கும். பாரிஸின் ஷேக்ஸ்பியர் அண்ட் கம்பெனியில் ஒரு பூனைக்கு அகதா கிறிஸ்டியின் நினைவாக 'ஆகி' என்று பெயர்.

தாளும் அட்டையும் உடம்புச் சூட்டைத் தக்கவைக்கும். அடுக்குகளுக்கு இடையே ஒளிய இடமும் உண்டு. பூனைக்கு வேறென்ன வேண்டும்!

உக்கடத்தில் வாங்கியதை மடியில் விரித்தால், திரும்பும் பஸ் கிணத்துக்கடவைத் தொடுவதற்குள் முதல் அத்தியாயம் முடிந்திருக்கும்.