துளியைத் தீட்டாமல் விடுதல்

நுவரெலியாவின் ஈரப் புல்வெளிகளில், பூச்சி பிடிக்கும் அழுகண்ணிச் செடியைப் பார்க்க மண்டியிட்டுக் குனிய வேண்டும். பிறை போன்ற சின்ன இலை, அதன் விளிம்பெங்கும் சிவந்த மயிர்கள், ஒவ்வொன்றின் நுனியிலும் ஒரு பசைத்துளி. அதைத் தாளில் இறக்குபவரின் கையை எவ்வளவு நேரமும் பார்த்துக்கொண்டிருக்கலாம். துளியை அவர் தீட்டுவதே இல்லை. சிவப்பை மட்டும் சுற்றிலும் கொண்டுவந்து நிறுத்துகிறார். நடுவில் மிஞ்சிய வெள்ளைத் தாள் துளியாக மினுங்குகிறது. தூரிகை நுனி ஊசியாக ஒடுங்கும்வரை துணியில் ஒற்றி ஒற்றி எடுக்கிறார். கொழுந்து கிள்ளும் விரல்களின் நிதானம் அந்த மணிக்கட்டில் இருக்கிறது. மலைப்பனியின் ஈரம் தாளிலும் ஏறிவிடுவதால் ஒரு பூச்சு காய நெடுநேரம் பிடிக்கும். அவசரப்பட்டால் சிவப்பும் பச்சையும் கலந்து சேறாகிவிடும். காத்திருக்கவோ வழியில்லை, அதற்குள் பூ சுருங்கத் தொடங்கிவிடும். அந்த இழுபறிக்குள்தான் இந்தக் கலையே நடக்கிறது.

இப்படிச் செடிகளை வரைவதையே வேலையாகக் கொண்டு, 19ஆம் நூற்றாண்டில் பேராதனைத் தாவரவியல் பூங்காவில் முப்பதாண்டுகளுக்கும் மேல் ஓவியராக இருந்தவர் ஹார்மானிஸ் டி அல்விஸ். அவர் பிள்ளைகளும் அதே வேலைக்கு வந்தார்கள். இலங்கைச் செடிகளை இலை இலையாகக் கண்ணில் ஏற்றிக்கொண்ட குடும்பம் அது. இவ்வகைத் தாவர ஓவியங்களில் எனக்கு வண்ணத்தைவிடப் பிடித்தது, ஓரத்தில் பென்சிலோடு விட்டுவைக்கும் பகுதிதான்: பிளந்து காட்டிய சூலகம், பெரிதாக்கிய ஒரு விதை, மெல்லிய வேரின் அழுத்தாத கோடு. கரி தாளில் உரசும் அந்தச் சன்னமான ஒலிகூடக் கோட்டில் கேட்பதுபோல் இருக்கும்.